மைக் முன்னால் நின்றுபோன குரல்: ஆறு வயதுக் குழந்தையின் பள்ளி விழாப் பங்கேற்பு – ஒரு நிகழ்வு ஆய்வு

ஒன்றாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண் குழந்தையும் அவளுடைய அம்மாவும் ஆண்டு விழாவுக்கு முந்தைய இரண்டரை மாதங்களில் என்ன செய்தார்கள், அதனால் என்ன ஆயிற்று என்பதைப் பற்றிய பதிவு இது. பள்ளியின் ஆலோசகர் என்ற முறையில் நான் உடனிருந்தேன். பெற்றோரின் ஒப்புதல் பெற்று எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

பின்னணி

வகுப்பறையில் இந்தக் குழந்தையைப் பற்றி யாருக்கும் குறை கிடையாது. கேட்டால் பதில் சொல்வாள், பக்கத்தில் உட்காருபவளோடு சண்டை போடுவாள், மறுபடி சேர்ந்துகொள்வாள். வீட்டில் பாட்டும் கதையும் ஓயாது. மேடை என்று வந்தால் மட்டும் கதை வேறு. மழலையர் வகுப்பில் மாறுவேடப் போட்டியன்று மேடையிலேயே அழுதாள். அம்மா ஏறித் தூக்கிவர வேண்டியதாயிற்று. ஒன்றாம் வகுப்பில் காலைக் கூட்டத்தில் நான்கு வரிப் பாட்டு ஒன்றைச் சொல்ல அவளை நிறுத்தினார்கள். முதல் சொல் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை.

அம்மா வேலைக்குப் போகிறவர். அப்பா பெரும்பாலும் வெளியூரில். வீட்டில் பாட்டி இருக்கிறார். காலைக் கூட்டத்துக்குப் பிறகு அம்மா வகுப்பாசிரியரிடம் சொன்னது: "இனிமே இவ பேர சேர்க்காதீங்க மிஸ். அவளுக்கும் கஷ்டம், எனக்கும் நாலு பேர் முன்னாடி தல குனிவா இருக்கு." பின்பாதியை அவர் மறைக்காமல் சொன்னது பெரிய உதவி. பிள்ளையின் அச்சம், பெரியவரின் சங்கடம் இரண்டையும் தனித்தனியாக எடுத்து வைத்துப் பேச அதனால்தான் முடிந்தது. பல வீடுகளில் இந்த இரண்டும் ஒன்றாகப் பின்னிக்கிடக்கும்; எது யாருடையது என்று பிரிப்பதற்குள் விழாவே முடிந்துவிடும்.

ஆண்டு விழா நாடகத்துக்கான பட்டியல் வகுப்புச் சுவரில் ஒட்டப்பட்டபோது குழந்தை அதில் தன் பெயரைத் தேடினாள். இல்லை. "மிஸ், என்ன ஏன் சேர்க்கல?" என்று கேட்டாள். இந்த ஒரு கேள்விக்காகத்தான் வகுப்பாசிரியர் என்னை அழைத்தார். விலகவேண்டும் என்பது அம்மாவின் முடிவாக இருந்தது, குழந்தையின் முடிவாக இல்லை. 1989-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் குழந்தை சொல்லும் கருத்துக்கு அதன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்புத் தரவேண்டும் என்கிறது. ஆண்டு விழாப் பட்டியல் சின்ன விஷயம்தான். ஆறு வயதில் அதைவிடப் பெரிய விஷயங்கள் அதிகம் இல்லை.

முதலில் விலக்கிப் பார்த்தவை

சில இடங்களில் மட்டும் வாயே திறக்காத குழந்தைகள் உண்டு. செலக்டிவ் மியூட்டிசம் என்ற அந்த நிலையை அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட, மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேடு பதற்றக் கோளாறுகளில் ஒன்றாக வகைப்படுத்துகிறது. பள்ளி சேர்ந்த முதல் மாதத்தைக் கணக்கில் கொள்ளாமல், குறைந்தது ஒரு மாதமாவது அது நீடித்திருக்க வேண்டும். இவள் வகுப்பிலும் விளையாட்டுத் திடலிலும் தாராளமாகப் பேசுகிறாள். ஆகவே அந்தப் பெயர் இவளுக்குப் பொருந்தவில்லை. அந்த நிலை இருந்திருந்தால் பள்ளிக்குள்ளேயே வைத்துத் தீர்க்க முயன்றிருக்கக் கூடாது, உரிய மருத்துவரிடம் அனுப்பியிருக்க வேண்டும். செவித்திறன் பரிசோதனையும் செய்யப்பட்டது. குறை எதுவும் இல்லை.

கைபேசிக் காணொளியில் தெரிந்தது

காலைக் கூட்டத்தை அம்மா கைபேசியில் பதிவு செய்திருந்தார். வெட்கமாக இருக்கிறது என்று அதைத் திறந்தே பார்க்கவில்லை. சேர்ந்து உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். இந்த நிகழ்வில் பயன்பட்ட எல்லாவற்றிலும் இதற்கே முதலிடம் தருவேன்.

"வரிய மறந்துட்டா, அதான் பயந்துட்டா" என்பதே அதுவரை எல்லாரும் சொல்லிவந்தது. காணொளியில் வரிசை வேறாக இருந்தது. குழந்தை மைக் முன்னால் நேராக நிற்கிறாள். முதல் சொல் தெளிவாக வருகிறது. அது ஒலிபெருக்கியில் கேட்டதும் சட்டென்று தலை அந்தப் பக்கம் திரும்புகிறது. கை காதுக்குப் போகிறது. அதன் பிறகுதான் அம்மாவைத் தேடுகிறாள். முன்வரிசையில் இருந்த அம்மா அடுத்த வரியைச் சத்தமில்லாமல் வாயசைத்துக் காட்டியிருக்கிறார். கைபேசி ஆடுவதிலேயே அது தெரிகிறது. குழந்தை அந்த வாயையே பார்க்கிறாள், உதடு துடிக்கிறது, அழுகை வருகிறது.

ஆக, சத்தம் முதலில். அழுகை கடைசியில். மறதிக்கு அங்கே இடமே இல்லை. அம்மாவின் வாயசைப்பு நல்லெண்ணத்தில் வந்த உதவிதான். ஆனால் மிரண்டுபோன குழந்தைக்கு அது "அடுத்தது சொல்லு" என்ற கட்டளையாகவே போய்ச் சேர்ந்திருக்கிறது.

வீட்டுப் பயிற்சி எப்படி நடக்கும் என்று கேட்டேன். அம்மா எதிரே உட்கார்ந்துகொள்வார். சொல் தவறினால் அங்கேயே நிறுத்தித் திருத்துவார். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். விருந்தினர் வந்தால் "பாடிக் காட்டு". நன்றாகச் சொன்னால் சைக்கிள் வாங்கித் தருவதாக ஒரு வாக்கும் இருந்தது.

குழந்தை சொன்னது

நேரடியாக "ஏன் பேசல?" என்று கேட்கவில்லை. அந்தக் கேள்விக்குக் குழந்தைகள் பெரியவர்களுக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்வார்கள். காலைக் கூட்டத்தைப் படமாக வரையச் சொன்னேன். மேடை, சில தலைகள், ஓரத்தில் எல்லாரையும்விடப் பெரிதாக ஒரு கறுப்புப் பெட்டி வரைந்தாள். பெட்டி என்ன செய்யும் என்று கேட்டதற்கு, "நான் பேசினா அதுவும் பேசும். ஆனா என்ன மாதிரி இல்ல. வேற யாரோ" என்றாள்.

இதில் கற்பனை எதுவும் இல்லை. நம் குரல் நமக்குக் காற்று வழியாக மட்டும் கேட்பதில்லை, மண்டையோட்டு எலும்பு வழியாகவும் உள்செவியை அடைகிறது. ஸ்பீக்கரில் வரும்போது எலும்பு வழி வரும் அந்தக் கனம் இருக்காது. முதல்முறை தன் பதிவைக் கேட்கும் பெரியவர்களே "இது நானா?" என்பார்கள். தாமதமும் உண்டு. ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும். முப்பது மீட்டர் தள்ளியிருக்கும் ஒலிபெருக்கியிலிருந்து நம் குரல் நமக்கே திரும்பி வருவதற்கு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான நேரம் பிடிக்கும். தன் பேச்சைச் சற்றுத் தாமதமாகக் கேட்பவருக்கு நாக்கு தடுமாறும், அசைகள் நீளும் என்பதை பெர்னார்ட் லீ என்ற ஆய்வாளர் 1950-இலேயே எழுதியிருக்கிறார். மேடைப் பேச்சாளர்கள் பழக்கத்தால் அதைக் கடந்துவிடுகிறார்கள். ஆறு வயதுக் குழந்தையிடம் யாரும் அதைச் சொல்லிவைப்பதில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

எந்தப் பாத்திரம் என்பதைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும் என்பது முதல் முடிவு. நாடகத்தில் இருந்த வேலைகள் எல்லாவற்றையும் ஆசிரியர் அவளிடம் விவரித்தார்: பேசும் பாத்திரங்கள், மரம், திரை இழுப்பவர், விரலால் உள்ளங்கையைத் தட்டி மழைச் சத்தம் எழுப்பும் குழு. அவள் மழையைக் கேட்டாள். அந்தக் குழுவுக்குச் சேர்ந்து சொல்லும் ஒரு வரி உண்டு. அதன் பின் ஒருவர் மட்டும் தனியாகச் சொல்லும் வரி ஒன்றும் உண்டு. தனி வரியை அவளும் ஒரு தோழியும் கற்றுக்கொள்வது, அன்றைக்கு விருப்பமிருந்தால் இவள் சொல்வது, இல்லையென்றால் தோழி சொல்வது என்று பேசிவைத்தோம். சொல்லாவிட்டாலும் நாடகம் நிற்காது என்பது குழந்தைக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

அம்மாவின் பங்கைப் பற்றித்தான் நீண்ட நேரம் பேசினோம். திருத்துவதை நிறுத்த ஒப்புக்கொண்டார். ஆனால் பயிற்சியைக் குறைக்கவில்லை, கூட்டினோம். உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் 1965-இல் எடுத்துக்காட்டியது இங்கே பொருந்தும்: பார்ப்பவர்கள் இருக்கும்போது நன்றாகப் பழகிய செயல் இன்னும் சரளமாக வரும், அரைகுறையாகப் பழகியது இன்னும் தடுமாறும். ஆகவே வரிகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும் அளவுக்கு ஊற வேண்டும். அதற்கு எதிரே உட்கார்ந்து தேர்வு நடத்தத் தேவையில்லை. படியிறங்கும்போது, தலை பின்னும்போது, வரியை மாற்றி மாற்றிச் சொல்லி விளையாடும்போது ஊறிவிடும்.

சைக்கிள் விஷயத்தில் அம்மாவுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. ஊக்கமாக இருக்குமே என்றார். லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், பரிசு கிடைக்கும் என்று சொல்லி வரையவைத்த மழலையர் பள்ளிக் குழந்தைகள் பின்னர் தாமாக வரைவதில் ஆர்வம் குறைந்து காணப்பட்டார்கள். இந்தக் குழந்தைக்கு மேடையேறும் ஆசை ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு விலை வைத்தால் சொல்லாமல் போன நாளில் சைக்கிளும் போகும், ஆசையும் போகும். கொடுத்த வாக்கைத் திரும்பப் பெறுவதும் சரியல்ல. முடிவில் சைக்கிள் பிறந்தநாளுக்கு என்று மாற்றப்பட்டது. மேடைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று குழந்தையிடம் அம்மாவே சொன்னார்.

பள்ளி செய்யவேண்டியதும் ஒன்று இருந்தது. மழைக் குழுவுக்குக் கையில் மைக் கிடையாது. சற்றுத் தள்ளி நிற்கும் மைக் போதும். மேடையை நோக்கித் திருப்பிவைக்கும் ஸ்பீக்கரை அந்தக் காட்சியில் நிறுத்திவிடலாம். பின்வரிசைக்குக் கேட்காதே என்று வகுப்பாசிரியர் தயங்கினார், நியாயமான தயக்கம். மழைக் குழுவை மேடையின் முன்விளிம்புக்குக் கொண்டுவந்து அதைச் சரிசெய்தார்.

வீட்டில் நடந்தது

அம்மா முதலில் தன் குரலைக் கைபேசியில் பதிவு செய்து, "அய்யோ, நான் இப்பிடியா பேசறேன்?" என்று மகளிடம் கேட்டார். அடுத்தது பாட்டியின் குரல். கடைசியில்தான் குழந்தையுடையது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முனகினால் தன் குரல் கனமாகக் கேட்பதை அவளுக்குக் காட்டியிருந்தேன். அதைப் பாட்டிக்கும் தோழிகளுக்கும் அவளே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். அச்சமூட்டிய விஷயம் அவளுடைய வித்தையாக மாறிவிட்டது.

பிறகு எதிரொலி கூட்டும் குமிழுள்ள ஒரு விளையாட்டு மைக். எதிரொலியைச் சுழியத்தில் வைத்துத் தொடங்கினார்கள். குமிழைத் திருப்புவது குழந்தையின் கையில் மட்டும். சில நாள் அதைத் தொடவே இல்லை. அம்மா வற்புறுத்தவில்லை என்பதைக் குறித்துவைக்கிறேன். அவர் வேலை முடிந்து களைத்து வந்து, கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் இதைச் செய்தவர். அவசரப்படுத்தத் தோன்றாமல் இருந்திருக்காது.

உட்காரும் இடத்தையும் அவர் மெல்ல மாற்றினார். பக்கத்தில், பிறகு அறையின் மறுகோடியில், பிறகு கதவுக்கு வெளியே. விழா நாளில் அரங்கின் வலப்பக்க ஓரத்தில் உட்காருவது, கைகளை மடியில் வைத்துக்கொள்வது, வாயசைக்காமல் இருப்பது, கைபேசியை எடுக்காமல் இருப்பது என்று ஒப்புக்கொண்டார். கடைசியதுதான் அவருக்குக் கடினமாக இருந்தது.

அரங்கு ஒத்திகையில் வந்த பின்னடைவு

விழாவுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது எல்லா வகுப்புகளுக்கும் சேர்த்து அரங்கில் ஒத்திகை நடந்தது. ஒலி முழு அளவில் ஓடியது. ஒன்றாம் வகுப்பின் முறை வருவதற்குள் குழந்தை வாசலில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உள்ளே வரவில்லை. மாலையில் அம்மாவின் பழைய முடிவு திரும்ப வந்தது. தொலைபேசியில் அப்பா "விட்டுடுவோம்" என்றார். பாட்டி இன்னும் கடுமையாக: "சின்னப் புள்ளைய ஏன் இப்பிடி வதைக்கறீங்க?"

பாட்டியின் கேள்வி தட்டிக்கழிக்க வேண்டியது அல்ல, பதில் சொல்ல வேண்டியது. அன்றே முடிவெடுக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். மறுநாள் பாட்டியையும் வைத்துக்கொண்டு மூன்று வழிகளையும் பேசினோம்.

விலகிவிட்டால் குழந்தைக்கு உடனே நிம்மதி கிடைக்கும். அந்த நிம்மதியே தப்பித்ததால்தான் பிழைத்தோம் என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்துவிடும். அடுத்த முறை அச்சம் இன்னும் முன்னதாக வரும். தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தினால், வெளியேற வழியில்லாமல் முழுச் சத்தத்தில் மாட்டிக்கொண்ட நினைவு இன்னொன்று சேரும். மூன்றாவது வழி ஒரு படி கீழே இறங்குவது: அதே அரங்கு, ஆட்கள் இல்லாமல், சத்தம் அவள் கட்டுப்பாட்டில். அழுதால் அன்றைக்கு அதோடு நிறுத்துவோம் என்ற நிபந்தனையோடு பாட்டி ஒப்புக்கொண்டார். அந்த நிபந்தனையை மறுப்பில்லாமல் ஏற்றோம்.

பள்ளி விட்ட பிறகு குழந்தை, அம்மா, தோழி, ஒலி அமைப்பாளர் நால்வரும் அரங்குக்குப் போனார்கள். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கலவைப் பலகையில் (மிக்சர்) எந்தக் குமிழ் எதற்கு என்று ஒலி அமைப்பாளர் பொறுமையாகக் காட்டினார். தோழி மேடையில் நின்று பேச, இவள் சத்தத்தைக் கூட்டினாள், குறைத்தாள், மறுபடி கூட்டினாள். பிறகு மேடைக்குப் போய், "அங்கிள், கொஞ்சமா வைங்க" என்று கேட்டுவிட்டு மழை வரியைச் சொன்னாள். தலை பெட்டிப் பக்கம் திரும்பியது. கை காதுக்குப் போகவில்லை.

விழா நாள்

திட்டமிடாத ஒன்று குறுக்கே வந்தது. நிகழ்ச்சிகள் தள்ளிப்போய், உடை மாற்றிய குழந்தைகள் மேடைக்குப் பின்னால் ஒரு மணி நேரத்துக்கும் மேல் காத்திருந்தார்கள். புதிய உடையின் கழுத்துப் பகுதி உறுத்தியது. சோர்வும் பசியும் சேர்ந்து அவள் கண்கள் கலங்கியிருந்தன. அம்மா அருகில் இல்லை. ஆசிரியர் கழுத்துப் பட்டையைத் தளர்த்தி, மழைத் தாளத்தை விரலால் மெதுவாகத் தட்டிக்காட்டினார்.

மேடையில் அவள் முதலில் வலப்பக்க ஓரத்தைப் பார்த்தாள். அம்மா சொன்ன இடத்தில் இருந்தார். மழை பெய்தது. குழுவோடு சேர்ந்து வரியைச் சொன்னாள். தனி வரி வந்தபோது தோழியின் கையைத் தொட்டாள். அது அவர்கள் பேசிவைத்த அடையாளம். தோழி சொல்லிமுடித்தாள். அரங்கில் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

இறங்கி வந்தவளிடம் அம்மா தனி வரியைப் பற்றிப் பேசவில்லை. "மழை வேகமா ஆரம்பிச்சு மெதுவா நின்னுச்சே, அது எனக்கு ரொம்பப் புடிச்சுது" என்றார். அப்பா மட்டும் "அந்த ஒரு வரியையும் சொல்லியிருக்கலாமே" என்றார். அம்மாவே பதில் சொன்னார்: "அது அவ முடிவு பண்ண வேண்டியது."

அதன் பிறகு

விளையாட்டு விழாவில் எந்தச் சிக்கலும் இல்லாமல் ஓடினாள். அங்கே மைக் இல்லை. இரண்டு மாதம் கழித்து, காலைக் கூட்டத்தில் நாளும் தேதியும் வாசிக்க யார் வருகிறீர்கள் என்று ஆசிரியர் கேட்டபோது கை தூக்கினாள். ஆசிரியர் மைக்கை அவள் வாய்க்குச் சற்றுக் கீழே, தள்ளிப் பிடித்துக்கொண்டார். ஒரு காதை லேசாக மூடியபடி வாசித்தாள். குரல் சின்னதாக இருந்தது, முழுதாக இருந்தது.

இதில் எது வேலை செய்தது என்று தனியே பிரித்துச் சொல்ல முடியாது. சத்தம் பழகியது, அம்மா பின்னால் நகர்ந்தது, தோழி இருந்தது எல்லாம் சேர்ந்தே நடந்தன. இடையில் குழந்தைக்கு வயதும் ஏறியது. ஒரே ஒரு குழந்தையின் நிகழ்வு இது. ஒலிக்கு மிரளாத, ஆனால் கூட்டத்துக்கு அஞ்சும் குழந்தைக்கு இதே படிகள் உதவும் என்று நான் சொல்லமாட்டேன். எந்தக் குழந்தையாக இருந்தாலும் என்ன நடந்தது என்பதை வரிசையாகப் பார்க்காமல் "கூச்ச சுபாவம்" என்று பெயர் வைத்துவிடக் கூடாது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

ஒலியோடு கூடிய ஒத்திகை கடைசி வாரங்களுக்கு என்று ஒதுக்கப்படுகிறது. சிறு வகுப்புகளுக்கு அது முதல் வாரத்திலேயே, குறைந்த ஒலியில், தனியாக நடக்க வேண்டும். வசனம் பாதி பழகிய நிலையில் இருந்தாலும் பரவாயில்லை. சத்தத்தோடு பரிச்சயம் முதலில்.

வீட்டில் முடிவெடுக்கும் எல்லாரும் முதல் சந்திப்பிலேயே இருக்க வேண்டும். பாட்டி பின்னடைவுக்குப் பிறகுதான் உள்ளே வந்தார். வந்தபின் அவர் வைத்த நிபந்தனைதான் அரங்குப் பயிற்சியைக் குழந்தைக்குப் பாதுகாப்பானதாக ஆக்கியது. அப்பாவிடம் தனி வரியைப் பற்றிய ஏற்பாட்டை யாரும் விளக்கவில்லை; விழா முடிந்தபின் அவர் சொன்னது அதனால் வந்ததுதான்.

விழா உடையை முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பி, அதைப் போட்டுக்கொண்டு விளையாட விட வேண்டும். சிறு வகுப்புகளின் நிகழ்ச்சி தொடக்கத்திலேயே வர வேண்டும்; தள்ளிப்போனால் குழந்தைகளை வகுப்பறையில் உட்காரவைத்து, முறை வரும்போது அழைத்துவர ஓர் ஆள் வேண்டும்.

பங்கேற்புப் படிவம் இப்போது பெற்றோர் கையெழுத்தை மட்டும் கேட்கிறது. பேசுவது, பாடுவது, ஓசை எழுப்புவது, திரை இழுப்பது, மேடை அலங்காரத்துக்கு வரைவது என்று எல்லா வேலைகளையும் படமாகப் போட்டு, குழந்தையே வட்டமிடும் ஒரு பக்கத்தைச் சேர்க்க வகுப்பாசிரியர் முன்மொழிந்திருக்கிறார். அடுத்த ஆண்டுப் பட்டியல் அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகே சுவரில் ஒட்டப்படும்.